பொனேரில் ஒரு பகல்: கப்பல் நிற்கும் நேரத்தை எங்கே செலவிடுவது?

தெற்குக் கரீபியக் கடலில் கப்பல் பயணம் போகிறவர்களுக்கு அருபா, குராசாவ் ஆகிய பெயர்கள் ஓரளவு பழகியவை. அவற்றுக்குக் கிழக்கே, வெனிசுவேலாவின் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொனேர் அவ்வளவாகத் தெரியாத தீவு; பயண அட்டவணையில் அந்தப் பெயரைப் பார்க்கிற பலரும் முதலில் கேட்பது ‘அங்கே இறங்கி என்ன செய்வது?’ என்றுதான். 288 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறத்தாழ 25 ஆயிரம் மக்கள், போக்குவரத்து விளக்கு ஒன்றுகூட இல்லாத சாலைகள், கள்ளியும் முள்மரமும் நிறைந்த வறண்ட நிலம், சாலையோரம் மேயும் ஆடுகளும் கழுதைகளும், சுற்றிலும் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த கடல். தீவு இவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் கப்பல் நிற்கும் ஏழெட்டு மணி நேரத்துக்குள் இத்தீவில் செய்யக்கூடியவை ஐந்தாறு வழிகளாகப் பிரிகின்றன. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

நான் இரண்டு முறை அங்கே இறங்கியிருக்கிறேன். முதல் முறை என் மனைவியும் நானும் தீவு முழுவதையும் காட்டும் பேருந்துச் சுற்றுலா ஒன்றில் ஏறினோம். மூன்றரை மணி நேரத்தில் ஒன்பது இடங்களைக் காட்டினார்கள்; எந்த இடத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை; உப்பளத்தின் அருகே கண் பழகுவதற்குள் மீண்டும் ஏறச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து படங்களைப் பார்த்தபோது எந்தப் படம் எந்த இடத்தில் எடுத்தது என்பதே எங்களுக்கு நினைவில்லை. இரண்டாவது முறை எழுபத்தொரு வயதான என் அம்மாவும் பதினோரு வயது மகளும் உடன் வந்தார்கள். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது, மகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க முடியாது. அந்தப் பயணத்துக்காகத்தான் உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் நேரம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஒப்பிடும் முன் சில பொதுவான செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கப்பல்கள் தலைநகரான கிராலென்டைக்கின் துறைமேடையிலேயே கட்டுகின்றன. இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஊரின் நடுவில் இருக்கலாம். பல தீவுகளில் துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகவே அரை மணி நேரம் வாகனத்தில் செலவாகும். இங்கே அந்தக் கணக்கு இல்லை என்பது பெரிய லாபம். 2010 அக்டோபர் 10 முதல் பொனேர் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருக்கிறது. என்றாலும் 2011 முதல் புழங்கும் பணம் அமெரிக்க டாலர். மக்கள் தங்களுக்குள் பேசுவது பாபியாமென்டு மொழி. கடைக்குள் நுழையும்போது ‘போன் தியா’ என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவதும், புறப்படும்போது ‘மாஷா தாங்கி’ என்று நன்றி சொல்வதும் அங்கே வெறும் சம்பிரதாயம் அல்ல. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கிடைக்கும் முகமலர்ச்சியை நேரில் பார்த்தவர்களுக்கு அது புரியும். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே எங்கெங்கே நிற்க வேண்டும், எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும்.

கடிகார விஷயத்தில் கவனம் வேண்டும். பொனேரின் நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றுதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் கடிகாரத்தைப் பின்தள்ளி வைப்பதால், புளோரிடாவிலிருந்து புறப்பட்ட கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வந்தால் தீவின் கடிகாரத்துக்கும் கப்பலின் கடிகாரத்துக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கும். கைபேசி கரையில் இறங்கியதும் தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் கப்பல் ஏறக் கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக ஊருக்குள் இருக்கும்படி கணக்கிட்டுக்கொள்வது நல்லது. கீழே நான் சொல்லும் நேரங்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுச் சொல்பவை.

முதல் வழி, கிளைன் பொனேர். கிராலென்டைக்குக்கு எதிரே, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஆளில்லாத தட்டையான ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அதில் வீடு, கடை, கழிப்பறை, குடிநீர் எதுவும் இல்லை. 1999-இல் அந்தத் தீவு கட்டுமானங்கள் வராமல் இயற்கைக்காகவே வாங்கப்பட்டது. அழுங்காமைகளும் பெருந்தலை ஆமைகளும் முட்டையிட வரும் கரை அது. ஊரின் கடலோரத்திலிருந்து படகு டாக்சிகள் காலையிலிருந்தே போய்வருகின்றன. அந்தப் படகுக்காரர்கள் நம்மைக் கடற்கரையில் இறக்கிவிடுவதோடு நிற்பதில்லை. கேட்டால், நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்று மேலே கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு மிதந்தால் போதும். நீரோட்டமே பவளத்திட்டின் விளிம்பு வழியாக நம்மைப் பெயரில்லாக் கடற்கரை என்றே பெயர் பெற்ற மணற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பொனேர் என்ற தீவின் பெருமையே இந்தத் தண்ணீர்தான். கரையிலிருந்து சில பத்து மீட்டர் தூரம்வரை தரை மெல்லச் சரிந்து, பிறகு சட்டென்று நீல இருட்டுக்குள் இறங்குகிறது. அந்த விளிம்பில் மிதக்கும்போது இடப்பக்கம் இடுப்பளவு ஆழத்தில் மஞ்சளும் ஊதாவுமாகப் பவளம், வலப்பக்கம் அடி தெரியாத நீலம். என் மகள் முதலில் கேட்டது மீன்களை அல்ல, சத்தத்தை. தண்ணீருக்குள் கற்கண்டை யாரோ கடித்து நொறுக்குவதுபோல ஓயாமல் ஒரு கறக் கறக் ஓசை. பச்சையும் நீலமும் கலந்த கிளிமீன் ஒன்று, எங்கள் கைக்கெட்டும் தூரத்தில், அலகு போன்ற பற்களால் செத்த பவளக் கல்லைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. சற்று நகர்ந்து சென்று பின்பக்கமாக வெண்மணலைப் புகைபோல் விட்டது. பவளத்தின் மேல் படியும் பாசியைத் தின்பதற்காகக் கல்லையும் சேர்த்து அரைத்து மணலாக வெளியேற்றுவது அந்த மீனின் வழக்கம்; சற்று நேரத்தில் நாங்கள் கால் வைத்து ஏறப்போகும் கரையில் ஒரு பங்கு அப்படி உண்டான மணல்தான் என்று சொன்னபோது மகள் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள், பிறகு மறுபடி தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இந்தக் கடல் இப்படி இருப்பது தற்செயலாக நடந்ததில்லை. ஈட்டியால் மீன் குத்துவதை 1971-லேயே பொனேர் தடை செய்தது. 1979-இல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், கரையின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1962-இல் இங்கு வந்து சேர்ந்த கேப்டன் டான் ஸ்டூவர்ட், மூழ்கிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கடலைக் காட்டியதோடு அதைக் கெடுக்காமல் காட்ட வேண்டும் என்றும் வற்புறுத்தியவர். ஆனாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2009-இல் இக்கடலில் தலைகாட்டிய சிங்கமீன் இங்குள்ள சிறு மீன்களைத் தின்று குவிக்கிறது. 2023-இல் கல் பவளத்தின் திசுக்களை அரித்துக் கொல்லும் நோய் வந்து சேர்ந்தது. அதனால் வேறு தீவுகளில் பயன்படுத்திய முகமூடியையும் துடுப்புக் காலணியையும் நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் இங்கே தண்ணீரில் இறங்க வேண்டும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் பூச்சுகள் 2021 முதல் இங்கே தடை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே குப்பியின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள், அல்லது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள், அதுவே மேல். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, தொடக் கூடாது, ஒரு கிளிஞ்சலைக்கூட எடுத்துவரக் கூடாது. கடலில் இறங்குகிறவர்களுக்கு இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் உண்டு. பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாபா அமைப்பின் தளத்தில் நடப்புத் தொகையைப் பார்த்து முன்கூட்டியே கட்டிவிட்டால் துறைமேடையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நான் மனமொப்பிக் கொடுத்த கட்டணங்களில் அது ஒன்று.

நேரக் கணக்கில் கிளைன் பொனேர் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீரோட்டத்தோடு மிதப்பது எளிது, எதிர்த்து நீந்துவது எளிதல்ல. ஆகவே தண்ணீரில் பதற்றம் உள்ளவர்கள் மிதவைச் சட்டை போட்டிருந்தாலும் நடுவழியில் இறங்குவதைத் தவிர்த்து, மணற்கரையிலேயே இறங்கி அங்கேயே கழுத்தளவு தண்ணீரில் நின்று பார்ப்பது நல்லது. முதியவர்களை அந்த வெயிலில், குடிநீரும் கழிப்பறையும் இல்லாத கரையில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதை நான் சரியென்று நினைக்கவில்லை. அம்மாவும் என் மனைவியும் அந்த நேரத்தை ஊரிலேயே கழித்தார்கள்.

கடலைப் பார்க்க வேண்டும், படகு வேண்டாம் என்கிறவர்களுக்குப் பெரிய தீவின் மேற்குக் கரை முழுவதுமே திறந்து கிடக்கிறது. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கல் இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீரில் இறங்கலாம். வடக்கே ஆயிரம் படிகள் என்றோர் இடம் புகழ்பெற்றது. உண்மையில் சுண்ணாம்புக்கல் பாறையில் வெட்டிய படிகள் அறுபது, எழுபதுதான். கடலில் மூழ்குவதற்கான காற்று உருளையைத் தோளில் சுமந்து ஏறி வருகிறவர்களுக்கு அது ஆயிரமாகத் தெரிவதால் அந்தப் பெயர். இங்கெல்லாம் கரை என்பது மணல் அல்ல, உடைந்த பவளத் துண்டுகளின் குவியல். வெறுங்காலோடு நடந்தால் கால் கிழியும். தண்ணீர்க் காலணி இல்லாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிளைன் பொனேரில் நீரோட்டம் நமக்காக வேலை செய்கிறது, இறங்கும் இடம் பற்றிய கவலை இல்லை. முதல் முறை வருகிறவர்களுக்கு அதுவே எல்லா வகையிலும் மேலானது.

இரண்டாவது வழி தெற்கு முனை. நீந்தத் தெரியாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று பலரும் இதைச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, கடலையும் முன்பே வேறு தீவுகளில் பார்த்திருக்கிறார்கள் என்றால், நீந்தத் தெரிந்தவர்களையும் நான் இங்கேதான் அனுப்புவேன்.

கிராலென்டைக்கிலிருந்து விமான நிலையத்தைத் தாண்டிக் கடலோரச் சாலையில் தெற்கே போனால் நிலம் தட்டையாகி, மரங்கள் மறைந்து, கடல் மட்டத்தோடு மட்டமாகிவிடுகிறது. முதலில் வெள்ளை மலைகள் தெரியும், அவை உப்பு. கடல் நீரை அகலமான பாத்திகளுக்குள் விட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி, வெயிலும் ஓயாத கிழக்குக் காற்றும் நீரை உறிஞ்சிக்கொள்ளப் பல மாதங்கள் காத்திருந்து உப்பு எடுக்கிறார்கள். உப்பு ஏற ஏற, உவர்நீரில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களால் பாத்தியின் நிறம் மாறுகிறது. கடைசிப் பாத்திகள் நல்ல ரோஜா நிறமாக இருக்கின்றன. சாலையின் ஒருபுறம் நீலக் கடல், மறுபுறம் ரோஜா நிறக் குளம், அதன் பின்னே வெள்ளைக் குன்று. காற்றடிக்கும்போது பாத்தியின் ஓரத்தில் சேர்ந்த நுரை பிய்ந்து, சோப்பு நுரைபோல் உருண்டு சாலையைக் கடந்து போகிறது. என் மகள் அதில் ஒரு உருண்டையைப் பிடித்தாள். கையில் நின்ற ஒரு நிமிடத்தில் அது காற்றோடு போய், உள்ளங்கையில் வெள்ளைத் தூள் மட்டும் மிஞ்சியது. உப்புப் பாத்திகளுக்கு நடுவே பூநாரைகளுக்கென்று 55 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கரீபியப் பூநாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. உள்ளே போக அனுமதி கிடையாது, சாலையிலிருந்து இருகண் நோக்கியால் பார்க்கலாம். அதுதான் முறையும்கூட.

இன்னும் சற்றுத் தெற்கே போனதும் கடலைப் பார்த்தபடி வெள்ளையடித்த சிறு கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன, அதற்கப்பால் ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு வரிசை. நெதர்லாந்து 1636-இல் பொனேரைப் பிடித்த பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும்தான் இந்த உப்பை வாரினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசே அவர்களின் உடைமையாளராக இருந்தது. 1850 வாக்கில்தான் அவர்கள் இரவு படுப்பதற்கென்று இந்த வீடுகள் கட்டப்பட்டன. அவர்களின் குடும்பங்கள் இருந்த ரின்கோன் ஊர் தீவின் வடக்கில் இருக்கிறது. வார இறுதியில் நடந்தே அங்கே போய்த் திரும்பினார்கள், ஒரு வழிக்கு ஏழு மணி நேரம் ஆனது என்று சொல்லப்படுகிறது. நெதர்லாந்து தன் கரீபியத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது 1863 ஜூலை 1-இல். அருகே கடலோரத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில், வெவ்வேறு நிறம் பூசிய கல் தூண்கள் நிற்கின்றன. எந்தப் பாத்தியின் உப்பு தயாராக இருந்ததோ அதற்குரிய தூணின் நிறத்தில் கொடியேற்றினால், வரும் கப்பல் அந்தத் தூணின் அருகே வந்து நங்கூரமிட்டது.

அந்த வீட்டின் கூரை நுனி என் தோளுக்கு வந்தது. வாசல் இடுப்பளவு. அம்மா குனிந்து உள்ளே பார்த்தார், பிறகு மண்டியிட்டு நுழைந்து உட்கார்ந்தார். இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவர் கால் நீட்ட இடமில்லை. உள்ளே காற்று இல்லை, வெளியே காற்று நிற்பதில்லை. “இதுக்குள்ள எப்படிப்பா படுத்தாங்க, நாள் பூரா உப்புல நின்னுட்டு?” என்று மட்டும் கேட்டார். நான் முதல் பயணத்தில் இதே வாசலின் முன் பத்து நிமிடம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏறியவன். அன்று அம்மாவோடு முக்கால் மணி நேரம் இருந்தோம், டாக்சிக்காரரும் அவசரப்படுத்தவில்லை. தன் முன்னோர் ரின்கோனைச் சேர்ந்தவர்கள் என்று அவர் சொன்னார், அதற்கு மேல் நாங்கள் கேட்கவும் இல்லை. இந்த வீடுகளுக்குள் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்களை அன்றும் பார்த்தேன். இங்கே வருவதென்றால் இது என்ன இடம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள், பிள்ளைகளுக்கும் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

தெற்கு முனையில் 1837-இல் கட்டிய வில்லம்ஸ்டோரன் கலங்கரை விளக்கத்தைக் கடந்து கிழக்குக் கரை வழியாகத் திரும்பினால் மொத்தம் இரண்டரை மணி நேரம் போதும். வழியெங்கும் நிழல் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. தொப்பி, தண்ணீர் இரண்டும் கட்டாயம். பாதை தட்டை, ஏற்றமில்லை. கைத்தடி ஊன்றி நடக்கிறவர்களும் வரலாம். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு மின் வண்டிகளில் போகிறவர்கள் உண்டு. குளிரூட்டி இல்லாத வண்டியில் நண்பகலில் அந்தச் சாலை கடுமையானது. முதியவர்கள் உடன் இருந்தால் டாக்சியே சரி. போகும் வழியில் 1993-இல் தொடங்கிய கழுதைக் காப்பகம் ஒன்று இருக்கிறது. உப்புச் சுமக்கவும் வண்டியிழுக்கவும் கொண்டுவரப்பட்டு, பிறகு வேலையில்லாமல் காட்டில் விடப்பட்ட கழுதைகளின் வழிவந்தவை அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. குழந்தைகள் இருந்தால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, கிழக்கே லாக் விரிகுடா. வெளியே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஆழத்தில், அலையில்லாமல், வெளிர்பச்சையாகப் பரந்து கிடக்கிறது. கிழக்குக் காற்று மட்டும் தடையின்றி வருகிறது. பாய்ப்பலகையில் நின்று காற்றில் செல்லும் விளையாட்டைக் கற்க இதைவிடப் பாதுகாப்பான இடத்தை நான் பார்த்ததில்லை. விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். உலக அளவில் பெயர்பெற்ற பாய்ப்பலகை வீரர்களான தாட்டி ஃபிரான்ஸ், கீரி தோடே ஆகிய இருவரும் இந்தத் தண்ணீரில் பழகி வந்தவர்களே. விரிகுடாவின் வடபக்கம் அலையாத்திக் காடு. அதன் கால்வாய்களில் துடுப்புப் படகில் போகலாம்; வேர்களுக்கிடையே தலைகீழாகக் கிடக்கும் சொறிமுட்டைகள் என்ற ஜெல்லி மீன்களையும், பிற்காலத்தில் பவளத்திட்டுக்குப் போய்ச்சேரப்போகும் குஞ்சு மீன்களையும் பார்க்கலாம். பேராமைகள் மேய வருவதும் இந்த விரிகுடாவின் கடற்புல்லுக்குத்தான். விரிகுடாவை ஒட்டிய சொரோபோன் கரையில் உணவு, நிழல், கழிப்பறை எல்லாம் உண்டு. கப்பலிலிருந்து டாக்சியில் இருபது நிமிடம். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, தண்ணீரும் வேண்டும் ஆழமும் கூடாது என்றால், இதுதான் இடம். ஒரே குறை, கப்பல் வரும் நாட்களில் நண்பகலுக்குள் கரை நிறைந்துவிடும். ஒன்பது மணிக்கே போய்விட வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் வழிகாட்டியோடு போவதற்கு முன்பதிவும் தேவைப்படும்.

நான்காவது, வடக்கு. வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா 1969-இல் தொடங்கி 1979-இல் விரிந்தது. 5,643 ஹெக்டேர், அதாவது தீவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 241 மீட்டர் உயரமுள்ள பிராண்டாரிஸ் குன்று, கள்ளிக் காடு, மஞ்சள் தோள் கிளிகள் எல்லாம் அங்கே. கப்பல் பயணிகளுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. உள்ளே மண் சாலை. உயரமான வண்டி வேண்டும். குறுக்குப் பாதையே 24 கிலோமீட்டர், நெடும்பாதை 34 கிலோமீட்டர், அதிலும் ஊர்ந்துதான் போக முடியும். சக்கரம் பஞ்சரானால் கப்பலைப் பிடிக்க முடியாது. தீவில் தங்குகிறவர்கள் ஒரு முழு நாளைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. வடக்கேதான் போக வேண்டும் என்றால் பூங்காவை விட்டுவிட்டு, கோட்டோமேர் ஏரியில் பூநாரைகளைப் பார்த்து, ரின்கோனில் ஆட்டுக்கறிக் குழம்பும் மக்காச்சோளக் களியும் சாப்பிட்டுத் திரும்பலாம்; அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். தெற்கே அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ரின்கோனின் தெருக்கள் வேறு பொருள் தரும்.

ஐந்தாவது, ஊரிலேயே இருந்துவிடுவது. இதற்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். 1639-இல் கட்டிய ஒரஞ்சே கோட்டை, மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசிய பழைய கட்டடங்கள், கடலோர நடைபாதை. இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே நாளில் கட்டினால் அந்தச் சிறிய ஊருக்குள் சில ஆயிரம் பேர் இறங்கிவிடுவார்கள்; அன்று ஊருக்குள் நடப்பதற்கே இடமிருக்காது, அமைதியும் இருக்காது. துறைமுக அட்டவணையை முன்பே பார்த்து, இரண்டு கப்பல் வரும் நாளானால் காலையில் ஊரை விட்டு வெளியேறி, மாலையில் கூட்டம் கப்பலுக்குத் திரும்பும் நேரத்தில் ஊரைப் பாருங்கள்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. காலை எட்டரைக்கு மகளும் நானும் முதல் படகில் கிளைன் பொனேர் போனோம். காலை வேளையில் காற்று சற்று அடங்கியிருக்கும், கூட்டமும் இருக்காது. பதினொன்றரைக்கு ஊர் திரும்பி, நால்வருமாகச் சாப்பிட்டுவிட்டு, முன்பே பேசி வைத்திருந்த டாக்சியில் ஒரு மணிக்குத் தெற்கே கிளம்பினோம். மூன்றரைக்குத் துறைமேடையில் இருந்தோம். நீந்துகிறவர்களும் நீந்தாதவர்களும் கலந்த குடும்பத்துக்கு, கப்பல் குறைந்தது எட்டு மணி நேரம் நின்றால், இந்த வரிசையே எனக்குச் சரியாகத் தெரிகிறது. கப்பல் ஆறு மணி நேரமே நிற்குமானால் இரண்டையும் சேர்க்க முயல வேண்டாம். எல்லாரும் நீந்துகிறவர்களானால் கிளைன் பொனேர், ஒருவர் நீந்தாதவரானாலும் தெற்கு. ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் இவை இரண்டையும் விட்டுவிட்டு லாக் விரிகுடா. தீவு முழுவதையும் காட்டும் பேருந்தை, கால்கள் கொஞ்சமும் ஒத்துழைக்காத, இறங்காமலே பார்க்க விரும்புகிற ஒருவர் உடன் இருந்தால் மட்டும் எடுங்கள்.

அடுத்த முறை அந்தக் கப்பல் வழி கிடைத்தால் நாங்கள் சொரோபோனுக்குப் போவதாக இருக்கிறோம். மகளுக்குப் பாய்ப்பலகை கற்க வேண்டுமாம். அம்மா, ரின்கோனைப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்த மனிதர்கள் நடந்து போய்ச் சேர்ந்த ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இரண்டும் ஒரே நாளில் முடியுமா என்று இப்போது நேரக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மகளையும் மனைவியையும் காலையில் சொரோபோனில் விட்டுவிட்டு, அதே டாக்சியில் அம்மாவோடு ரின்கோன் போய் இரண்டு மணிக்குள் திரும்பினால் முடியும் என்றுதான் தோன்றுகிறது.